ஆறாவது அதிர்ச்சி

என் மச்சான் நஜாத்தின் தொழில் என்னவென்று ஊரில் கேட்டால் எஞ்சினியர் என்பார்கள். வெளிநாட்டில் உழைத்து வந்தவர் என்றும் சொல்வார்கள். சரியாகச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். அவன் பூமியதிர்ச்சிகளைத் தெரிவு செய்கிறவன்.

சிரிக்க வேண்டாம். வளைகுடாவில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் பதினொரு வருடம் அவனுக்கு அதுதான் வேலை. உயர்ந்த கட்டடம் ஒன்று கட்டப் போகிறார்கள் என்றால், அந்த இடத்தில் பூமி ஆடினால் கட்டடம் என்ன பாடுபடும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். அதற்காக, உலகத்தில் வேறெங்கோ ஏற்கெனவே ஆடி, கருவிகளில் பதிவாகியிருக்கும் அதிர்ச்சிகளில் பொருத்தமானவற்றைப் பொறுக்கி எடுப்பார்கள். அவற்றை அந்த இடத்துக்கு ஏற்றபடி கூட்டியோ குறைத்தோ, கணினிக்குள் நிற்கும் கட்டடத்தின் காலடியில் ஓட விடுவார்கள். பொறுக்குவதும் கூட்டிக் குறைப்பதும் அவன் வேலை. அரிசியில் கல் பொறுக்குகிற பெண்களுக்குக்கூட இவ்வளவு பொறுமை இருக்காது என்று நான் பகிடி பண்ணுவேன்.

இதை அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவன் செய்த ஒரு களவைப் பற்றியும் எழுத வேண்டும். அந்தக் களவில் என் கை எவ்வளவு தூரம் இருந்தது என்பதைச் சொல்லாமல் இரண்டு தரம் எழுதிப் பார்த்து, இரண்டையும் கிழித்துப் போட்டேன். ஆகவே முபாறக் சேர் என்று ஊரில் மரியாதையாகக் கூப்பிடப்படும் இந்தக் கணித வாத்தியாரும் இதற்குள் வருவார். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நஜாத் மன்னாரில் பிறந்தவன். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் அங்கிருந்து துரத்தியபோது அவனுக்கு நாலு வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து, எங்கள் ஊருக்கு எதிர்ப்பக்கம் கடல்நீர் உள்நுழைந்து நிற்கும் களப்பின் ஓரமாக அடித்த ஓலைக் கொட்டில்களில் ஒன்றில் வளர்ந்தான். எங்கள் பாடசாலையில் காலையில் எங்களுக்கு வகுப்பு, பகலுக்குப் பிறகு அவர்களுக்கு. ஒரே மேசை கதிரைதான், ஆனால் ஒருவரையொருவர் காணாமல் படித்தோம். சாதாரண தரப் பரீட்சைக்கு டியூஷன் போனபோதுதான் அவன் எனக்குக் கூட்டாளியானான். அதுவரை எங்களுக்கு அவர்கள் எல்லோரும் "அகதி". என் வாப்பா அப்படித்தான் சொன்னார். நானும் சொல்லியிருக்கிறேன்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து என் தங்கச்சி ஷஸ்னாவைப் பெண் கேட்டு வந்தபோது, வாப்பா ஆறு மாதம் இழுத்தடித்தார். "பொடியன் நல்லம். ஆனா எந்த ஊர் எண்டு ஆராவது கேட்டா என்னத்தச் சொல்லுற?" என்பதுதான் அவருடைய பெரிய கவலை. கல்யாணம் நடந்தது. வெளிநாடு போனார்கள். கொரோனாக் காலத்தில் மகள் றுஷ்னாவையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து எங்கள் தெருவிலேயே வீடு கட்டினார்கள். இருந்தும், கடைத்தெருவில் அவனைச் சுட்டிச் சொல்வதானால் "அந்த மன்னார் எஞ்சினியர்" என்றுதான் சொல்வார்கள். அவன் சிரித்துக்கொண்டு போவான். உள்ளுக்குள் அது எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பிறகு அதில் கை வைத்தேன்.

இனிப் பள்ளிவாசலுக்கு வருகிறேன். எங்கள் பழைய பள்ளி சின்னது, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெயிலில் தொழுவார்கள். வெளிநாட்டு நிதியம் ஒன்று கட்டித்தர முன்வந்தது. கீழே கடைகள், முதலாம் மாடியில் ஆண்கள் தொழும் மண்டபம், அதற்கு மேல் பெண்கள் தொழும் இடமும் பிள்ளைகளின் ஓதல் மதரஸாவும். பிளான் கீறும் பொறுப்பை நிர்வாகசபை நஜாத்திடம் கொடுத்தது. நான் சபையின் செயலாளர், அவனுக்காகப் பேசியவனும் நானே.

சிக்கல் இதுதான். கட்டடம் வீதியோடு நேராக நிற்க வேண்டும், கடைகள் இருப்பதால். தொழுகை வரிசையோ, ஸப் என்று நாங்கள் சொல்வது, மக்கா இருக்கும் திசையான கிப்லாவைப் பார்த்து நிற்க வேண்டும். வீதியும் கிப்லாவும் எங்கள் ஊரில் ஒன்றுக்கொன்று சாய்வு. ஆகவே மண்டபத்துக்குள் ஸப்புகள் குறுக்குச் சாய்வாக ஓடும். நடுவில் நிற்கும் இரண்டு தூண்கள் சரியாக மூன்று ஸப்புகளை வெட்டிவிடும். தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் கொங்கிறீட் நிற்கும்.

மஷூறா என்று நாங்கள் சொல்லும் சபைக் கூட்டத்தில் பிளானை விரித்ததும் தலைவர் செய்னுலாப்தீன் ஹாஜியார் விரலை அந்த இரண்டு கறுப்புச் சதுரத்தில் வைத்தார். உப்பு விளைகிற வாய்க்காலும் இறால் பண்ணையும் வைத்திருக்கும் மனிதர், சொல் ஒன்றுதான்.

"ஸப்ப வெட்டுற தூண் நமக்குத் தேவல்ல."

நஜாத் மெல்லச் சொன்னான். "எடுக்கலாம் ஹாஜியார். ஆனா மேல ஆக்கள் நிக்கிற மாடி ஈக்குது. சும்மா எடுக்க ஏலாது. கணக்குப் பாக்கணும்."

நான் இடையில் விழுந்தேன். "எழுபது மாடிக்குக் கணக்குப் பார்த்த ஆள் இவர். ரெண்டு தூண எடுக்கிறது ஒரு வேலையா?" எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியார் அவன் தோளில் தட்டி, "எங்கட ஊர் எஞ்சினியர் செஞ்சி தருவார்" என்றார்.

எங்கட ஊர். நாலு வயதில் இருந்து எங்கள் காற்றைக் குடித்து வளர்ந்தவனுக்கு யாரும் அதுவரை சொல்லாத சொல். அவன் முகம் எப்படிப் போனது என்று நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கூட்டக் குறிப்பில் "நடுத் தூண்கள் இரண்டும் நீக்கப்படும்" என்று எழுதினேன்.

நிதியத்தின் ஆலோசகர் அவ்வளவு லேசான ஆள் இல்லை. தூண் வேண்டாம் என்றால், உண்மையாகப் பதிவான அதிர்ச்சிகளை ஓட்டிப் பார்த்து, கட்டடம் நிற்கும் என்று காட்டுங்கள் என்று கடிதம் போட்டார். நஜாத்துக்கு அது கரும்பு தின்பது போல. ஊருக்கு வந்த பிறகு அவன் தன் தொழிலைச் செய்யக் கிடைத்த முதல் தரம் அது. பின்னேரங்களில் போனால் பிளேன்டீயைப் பக்கத்தில் ஆறவிட்டுக் கணினித் திரையில் நெளிந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"எங்கட பக்கம் பெரிய அதிர்ச்சி ஒண்டும் பதிவாகல்ல மச்சான். அதால வேற எடத்துப் பதிவக் கடன் வாங்கணும்" என்று விளக்கினான். எந்த இடத்து அதிர்ச்சி என்றாலும் சரிவராது. எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரத்தில் இருந்து வந்தது, எந்த மாதிரி மண்ணில் பதிவானது என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு எண்ணால் பெருக்கி நம் இடத்தின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அளவுக்கு மீறிப் பெருக்கினால் அது அதிர்ச்சியாகவே இருக்காது என்பதால், பெருக்கும் எண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு. அவன் நாலு என்று எல்லை வைத்திருந்தான்.

"மூண்டு பதிவு மட்டும் ஓட்டினா, ஆக மோசமான விடையத்தான் எடுக்கணும். ஏழு ஓட்டினா சராசரிய எடுக்கலாம்."

"அப்ப ஏழு ஓட்டு. சராசரி எண்டா லேசு" என்றேன், பத்தாம் வகுப்புக்குச் சராசரி படிப்பிக்கிறவன்.

"லேசு இல்ல. ஏழையும் முதல்ல தெரிஞ்செடுத்துப்போடணும். கட்டடம் என்ன சொல்லுது எண்டு பார்த்த பொறகு மாத்தப் படாது. நீ பிள்ளைட மார்க்கப் பார்த்துப்போட்டுக் கேள்விய மாத்துவியா?"

மாத்த மாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதாக ஞாபகம்.

மூன்றாம் கிழமை ஒரு நாள் போனபோது அவன் முகம் சரியில்லை. ஏழில் ஆறு நல்லபடியாக ஓடிவிட்டனவாம். பட்டியலில் ஆறாவதாக இருந்த பதிவுதான் விடவில்லை. எங்கோ ஒரு ஏரிக்கரையில், சேற்று மண்ணில் பதிவான அதிர்ச்சி. வேகமாக ஆட்டாமல், நீண்ட நேரம் மெதுவாக ஆட்டுகிற வகை. அது ஓடியபோது நடுவில் தூண் இல்லாத மாடி முறுகி, சராசரியையும் எல்லைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டே, "அப்ப அந்த ஆறாவத மாத்து" என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது, அதைக் கரண்டியால் எடுத்துத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு அந்தச் சொல் எனக்கு நினைவே இல்லை. மற்றவர்களுடைய சொல்லை வருடக்கணக்காக வைத்திருந்து சண்டை பிடிக்கிறவன் நான், என்னுடையது மட்டும் எப்படி இவ்வளவு சுகமாக மறந்துபோனது என்று இப்போது எரிச்சல் வருகிறது.

அறிக்கை போனது. ஆலோசகர் ஒப்பம் வைத்தார். ஒன்றரை வருடத்தில் பள்ளி எழும்பியது. இருபத்துநாலாம் ஆண்டு தொடக்கத்தில் திறப்பு விழா. மதுரங்குளியில் இருந்தும் தில்லையடியில் இருந்தும் ஆட்கள் வந்து, தூண் இல்லாத மண்டபத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஸப்புகள் சுவரில் இருந்து சுவர் வரை ஒரு கோடாகப் போயின. ஹாஜியார் நஜாத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். அவன் அதை வாங்கிக்கொண்டு கடைசி ஸப்பில் வாசலுக்குக் கிட்ட நின்று தொழுததைப் பணிவு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் எங்கள் பள்ளிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமையானால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதுரங்குளிக்குப் போவான். ஊர் சும்மா இருக்குமா? வேறு ஜமாஅத்தில் சேர்ந்துவிட்டான் என்று முதலில் கதை வந்தது. பிறகு, பொன்னாடை போதாமல் கோபம் என்று. கடைசியில், "என்ன செஞ்சாலும் அவங்க அவங்கதான்" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரேயே சொன்னார். அன்றைக்கு ஆவணி வெயில் கொளுத்தியது. நேரே அவன் வீட்டுக்குப் போய், நின்ற நிலையில் ஏசினேன்.

"நீ கட்டின பள்ளியில நீயே தொழாட்டி ஊர் என்னடா நினைக்கும்?"

அவன் அலுமாரியைத் திறந்து கணக்குக் கோப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். ஒரு பக்கத்தைக் காட்டினான். பெருக்கும் எண்ணின் எல்லை என்று இருந்த இடத்தில் மூன்று என்று எழுதியிருந்தது.

"நாலு எண்டுதானே வெச்சிருந்த?" என்றேன்.

"ஆறாவதுக்குப் பெருக்க வேண்டியிருந்தது மூண்டு தசம் ரெண்டால. எல்லைய மூண்டாக்கினா அது தானா வெளிய போகும். வேறொண்டு உள்ள வந்திச்சி, சாதுவான ஒண்டு. சராசரி சரிவந்திச்சி." குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. "மூண்டு எண்டு வைக்கிற ஆக்களும் ஈக்கிறாங்க. பிழையில்ல. இதில ஒரு பொய்யும் இல்ல மச்சான். அதுதான் கேவலம்."

எனக்கு அப்போதுதான் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் ஞாபகம் வந்தது. கோப்பைக்குள் விழுந்த துண்டுகூடக் கண்ணுக்குள் வந்தது. அவன் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"அந்த ஏரிக்கரை மண் இருக்கே, ஏழிலயும் எங்கட களப்பு மண்ணுக்கு ஆகக் கிட்டினது அதுதான். விட்டிருந்தா மத்த எதையும் விட்டிருக்கலாம். அதையாடா வெளிய போட்ட எண்டு என்னையே ஒவ்வொரு நாளும் கேக்கிறன்."

"விழுமா?" என்றேன்.

"சும்மா விழாது. காத்துக்கும் விழாது, சனம் ஏறியும் விழாது. அப்பிடி ஒரு ஆட்டம் வந்தா மேல்மாடி கீழ வரலாம்."

"வருமா?"

"எங்கட காலத்தில வராமலும் போகலாம்."

அந்த ஒரு சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வராமலும் போகலாம். கதிரையில் உட்கார்ந்து, புத்தி சொல்கிற ஆள்போலப் பேசத் தொடங்கினேன். இப்போது சொன்னால் என்ன நடக்கும், நிதியம் என்ன செய்யும், ஷஸ்னா எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள் என்றெல்லாம் அடுக்கினேன். அவன் அசையவில்லை. கடைசியாக, எனக்குத் தெரிந்த இடத்தில் கை வைத்தேன்.

"ஊர் உன்ன மட்டும் சொல்லாது நஜாத். அகதிக்குக் குடுத்தா இப்பிடித்தான் எண்டு உங்கட ஆக்கள் எல்லாரையும் சேர்த்துச் சொல்லும். அதையும் யோசி."

இதைச் சொன்னது நான். அவனுடைய கூட்டாளி, அவன் மனைவியின் கூடப்பிறந்த நானா. அவன் அந்தக் கணக்குக் கோப்பினை மூடி அலுமாரியில் வைத்தான். ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஏழு மாதமும் நான் அந்த மண்டபத்தில்தான் தொழுதேன். நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸுஜூதில் இருந்து தலையைத் தூக்கும்போதெல்லாம் கண் மேலே போகும். மேலே, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஐம்பது அறுபது பிள்ளைகள் ஓதுவார்கள், பாய் சுருட்டும் சத்தம், ஓடும் சத்தம் எல்லாம் கேட்கும். என் மனைவியும் அங்கேதான் தொழுவாள். பாடசாலையில் சராசரிப் பாடம் வந்தபோது ஏழு எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆறாவதில் கை நின்றுவிட்டது. "சேர், சுகமில்லையா?" என்று முன்வாங்குப் பிள்ளை கேட்டது. ஓம், சுகமில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். யாரிடமாவது சொல்லலாமா என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். ஒவ்வொரு முறையும் அவன் சொல்லட்டும் என்று விட்டேன், அவனைச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தவனே நான்.

நோன்புப் பெருநாள் காலை. பள்ளி ஸ்பீக்கரில் தக்பீர் முழங்கிக்கொண்டிருந்தது. பெருநாள் தொழுகைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று தங்கச்சி வீட்டுக்குப் போனேன். ஷஸ்னாவும் மகளும் புது உடுப்போடு வாசலில் நின்றார்கள். நஜாத் வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு வழிவிடாமல் நின்றான்.

"நீங்க ரெண்டு பேரும் இண்டைக்கு வீட்ட தொழுங்க" என்றான்.

"என்னத்துக்கு? போன வருசமும் இதத்தான் சொன்னீங்க. காய்ச்சல் பரவுது எண்டீங்க, கேட்டேன். இண்டைக்கு என்ன பரவுது?" என்றாள் ஷஸ்னா.

அவன் சொன்னான். கேற்றடியில் வைத்து, கையில் பூட்டும் திறப்புமாக, ஐந்தாறு வசனத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். ஷஸ்னா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"நானும் எங்கட புள்ளயும் போகப் படாத எடத்துக்கு, மத்தவங்கட புள்ளைகள் போகலாமா?" என்று கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நானா, உங்களுக்கு இது தெரியுமா?"

"எனக்குச் சரியாத் தெரியாது" என்றேன்.

பெருநாள் காலை, புதுச் சாரம், அத்தர் வாசம். அந்த வாயால் சொன்னேன். நஜாத் என்னை ஒரு தரம் பார்த்தான், அவ்வளவுதான்.

"அப்ப இண்டைக்கு ஒருத்தரும் மேல ஏறப் படாது. போய்ச் சொல்லுங்க" என்றாள் ஷஸ்னா.

அவன் நடக்கவில்லை, ஓடினான். நாங்கள் பின்னால் போய்ச் சேர்ந்தபோது, பள்ளி வாசலில் ஹாஜியார் அவனிடம் "தொழுக முடியட்டும், பொறகு கதைப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவன் காத்திருக்கவில்லை. கட்டடத்தின் பக்கவாட்டில், பெண்கள் ஏறும் படிக்கட்டுக்குப் போனான். ஆண்கள் யாரும் போகாத இடம். படியின் அடியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

பெண்கள் பிள்ளைகளோடு வந்து குவிந்துவிட்டார்கள். "இந்த மனிசனுக்கு என்ன வந்த? விலகுங்க" என்று எங்கள் தெருச் சபூராத்தா சத்தம் போட்டார். யாரோ தள்ளினார்கள். அவன் தொப்பி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தால் வழி திறந்துவிடும் என்று அவன் அதை எடுக்கவும் இல்லை.

"ஏறாதீங்க சபூராத்தா. நான் பிழையாக் கட்டிட்டேன். தெரிஞ்சிக்கிட்டே செஞ்சிட்டேன். ஏறாதீங்க."

திரும்பத் திரும்ப அதையே சொன்னான், கெஞ்சுகிற குரலில். ஷஸ்னா மகளையும் இழுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நின்றாள். நான் மதிலோரம் நின்றேன். என் கால் அங்கே போகவில்லை. அன்றைக்குப் பெண்கள் பள்ளி முற்றத்தில் பாய் விரித்துத் தொழுதார்கள். ஆண்களையும் வெளியே எடுக்க வேண்டும் என்று அவன் சொல்லி, வீதி வரை ஸப் போனது. ஒரு வருடத்துக்குப் பிறகு ஊர் மீண்டும் வெயிலில் தொழுதது, இந்த முறை முழு ஊரும்.

மறுநாள் மஷூறா. ஹாஜியார் கோபத்தில் வெற்றிலையைக்கூடத் தொடவில்லை. இருந்தாலும் வழி ஒன்று வைத்திருந்தார். தூண் இரண்டையும் போட்டுவிடுவோம், நிதியம் கேட்டது என்று ஊருக்குச் சொல்வோம், உன் பெயரும் கெடாது, பள்ளியின் பெயரும் கெடாது என்றார். நல்ல மனிதர்தான். அவரும் அன்றைக்கு அந்தக் கறுப்புச் சதுரத்தில் விரல் வைத்ததை நினைத்திருப்பார்.

"நடந்ததச் சொல்லித்தான் போடணும் ஹாஜியார்" என்றான் நஜாத். "ஆலோசகருக்கு நான் நேத்தே எழுதிட்டேன். ஆறாவதத் திருப்பிச் சேர்த்துக் கணக்கும் அனுப்பிட்டேன்."

"இவ்வளவு படிச்ச ஆள். ஆரு உனக்கு இப்பிடிச் செய்யச் சொன்ன?"

நான் குறிப்புப் புத்தகத்தை விரித்துப் பேனாவோடு இருந்தேன். அவன் எனக்கு நேர் எதிரே இருந்தான். சொல்லடா என்று ஒரு பக்கம் மனம் கேட்டது, சொல்லிவிடாதே என்று மறுபக்கம். வாய் திறந்து "நான்" என்று சொல்ல எனக்கு முழுதாக ஒரு நிமிடம் இருந்தது.

"ஒருத்தரும் சொல்லல்ல. என்ட விருப்பத்திலதான் செஞ்ச" என்றான்.

கூட்டக் குறிப்பில் அதை எழுதினேன். "வேறெவருடைய தூண்டுதலும் இன்றி, தாமாகவே செய்ததாகப் பொறியியலாளர் ஒப்புக்கொண்டார்." எழுத்து அழகாக, ஒரு வெட்டும் இல்லாமல் இருக்கிறது. எழுதி முடித்து அவனிடம் ஒப்பம் வாங்கியதும் நான்தான்.

தூண் போட நாலு மாதம் எடுத்தது. கடைகளைத் துளைத்துக் கீழிருந்து கொண்டுவர வேண்டும். இரண்டு கடைக்காரர்கள் ஒவ்வொரு நாளும் அவனை ஏசினார்கள். வீடு கட்டப் பிளான் கொடுத்திருந்த மூன்று பேர் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். நான் பயம் காட்டியதுபோல ஊர் மன்னார்ச் சனத்தையெல்லாம் சேர்த்துத் திட்டியதா என்றால், திட்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் சபூராத்தா ஒரு நாள் அவன் வீட்டுக்கு வட்டிலாப்பம் கொடுத்தனுப்பினார், அன்றைக்குத் தள்ளியது தானாக இருக்கலாம் என்று சொல்லி. எனக்கு யாரும் எதுவும் அனுப்பவில்லை. யாரும் என்னை எதுவும் சொல்லவும் இல்லை. முபாறக் சேருக்கு வழமையான மரியாதை வழமைபோலக் கிடைத்தது.

இப்போது அவை "நஜாத் தூண்". அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். "நஜாத் தூணடியில் செருப்பை விட்டுட்டேன்" என்று பிள்ளைகள்கூடச் சொல்லும். அவன் மதுரங்குளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஐந்து நேரமும் இங்கேதான். நடு ஸப்பில், அந்தத் தூண்களில் ஒன்றுக்குக் கிட்டத்தான் நிற்பான்.

போன கிழமை லுஹர் என்ற பகல் தொழுகைக்கு வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார், கருவாட்டு வியாபாரியாக இருக்க வேண்டும். தொழுகையைத் தொடங்க இகாமத் சொல்ல இரண்டு நிமிடம் இருந்தது. தூணைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவ்வளவு வடிவான பள்ளிய வெச்சிக்கிட்டு, ஸப்புக்கு நடுவுல இந்தத் தூண எந்த மடையன் வெச்ச?"

யாரும் என்னை நெருக்கவில்லை. சபை இல்லை, குறிப்புப் புத்தகம் இல்லை, ஊரை விட்டு இன்னும் அரை மணித்தியாலத்தில் போகப்போகிற ஒரு மனிதர். அவரிடமாவது சொல்லியிருக்கலாம்.

"எஞ்சினியருக்குப் பிழ பட்டுப்போச்சி" என்றேன்.

நஜாத் ஒரு அடி முன்னால் நின்றிருக்கிறான். எனக்குத் தெரியவில்லை. திரும்பி, "ஓம் காக்கா, அது நான்தான். மன்னிச்சிக்கொங்க" என்று அவரிடம் சொன்னான். அந்த மனிதர் நெளிந்துகொண்டு முன் ஸப்புக்குப் போய்விட்டார். இகாமத் சொன்னார்கள். நஜாத் வலப்பக்கமாக ஒதுங்கி, தனக்கும் தூணுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம்விட்டு, என் கையைப் பிடித்து இழுத்து அங்கே நிறுத்தினான்.

தொழுதேன். என்ன ஓதினேன் என்று தெரியாது. கடைசியில், இரு பக்கமும் நிற்பவர்களுக்குக் கொடுக்கும் ஸலாமுக்காக வலப்பக்கம் திரும்பியபோது அவன் கன்னம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது, பார்க்க முடியாமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். இடப்பக்கம் திரும்பினேன். அங்கே ஆள் இல்லை, தூண் நின்றது. அதற்கும் ஸலாம் கொடுத்தேன்.